ஒரிஜினல் ஹெரால்டுன்னு ஒண்ணு இருக்கா?

மத்திய கைலாஷ் சிக்னலில் நிற்கும்போது பக்கத்து பைக்கில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "இது என்ன வண்டி சார்?" ரெண்டாவது கேள்வி, "எவ்ளோ வந்தா குடுப்பீங்க?" மூணாவதா எதையோ கேட்க வாயைத் திறக்கும்போது பச்சை விழுந்துடும். அது அனேகமா "இதுலயா டெய்லி ஆபீஸ் போறீங்க?"ன்னுதான் இருக்கும். ஆமாங்க, இதுலதான். மந்தைவெளியிலிருந்து டைடல் பார்க் வரைக்கும், வாரத்துல மூணு நாள். மத்த ரெண்டு நாள் வீட்டிலிருந்தே ஆணி :-)

வண்டி ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், மார்க் 3, நாலு கதவு, 1969 மாடல். நிறைய பேர் ஃபியட்டுன்னு நினைக்கறாங்க. வயசானவங்க மட்டும் சரியாச் சொல்லிடுவாங்க, கூடவே ஒரு பெருமூச்சும் வரும். காரணம் இருக்கு. அம்பாசடர் கல்கத்தா பக்கம் உத்தரபாராவில் செய்தது, ஃபியட் பம்பாய் குர்லாவில் செய்தது, ஹெரால்ட் மட்டும்தான் நம்ம மெட்ராஸ் வண்டி. 1948-ல் இங்கே இருந்த யூனியன் கம்பெனியும், இங்கிலாந்தில் கவன்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியும் சேர்ந்து ஆரம்பித்தது ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் தொழிற்சாலை. வேன்கார்ட், டென், பென்னன்ட் எல்லாம் போட்டுட்டு 1961-ல் ஹெரால்டுக்கு வந்தார்கள். இங்கிலாந்தில் 1959-ல் ட்ரையம்ஃப் ஹெரால்டாக வந்த அதே வண்டி. வரைந்தவர் இத்தாலிக்காரர், ஜியோவானி மிக்கலோட்டி.

இந்த வண்டி ஏன் இப்படி இருக்குன்னு ஒரு குட்டிக் கதை. ஸ்டாண்டர்ட் கம்பெனிக்கு பாடி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஒரே கூடாக அடித்துத் தர ஆள் இல்லை. சரி, போங்கடான்னு தனியா ஒரு சேஸிஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட்டில் முடுக்கிவிட்டார்கள். அறுபது வருஷம் கழிச்சு சென்னையில் ஒருத்தன் இதைப் பிரிச்சு மேயப் போறான்னு அவங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும். பானெட்டைத் தூக்கினால் ரெண்டு பக்க மட்கார்டும் சேர்ந்து மொத்தமா முன்பக்கம் சாயும். டயர் மேல உட்கார்ந்துகிட்டே டேப்பட் அட்ஜஸ்ட் பண்ணலாம். நான் ஓட்டிய வேறெந்த காரிலும் இந்த சுகம் கிடையாது.

நாலு கதவு ஹெரால்ட் இங்கிலாந்தில் வந்ததே இல்லை. ரெண்டு கதவு வண்டியில் முன்சீட்டை மடக்கி மாமியாரைப் பின்னாடி ஏத்தறது நம்ம ஊருக்குச் சரிப்படாதுன்னு இங்கேயே செய்துகொண்ட மாற்றம். அதாவது இந்த வண்டி பிறக்கும்போதே மாடிஃபை பண்ணின வண்டி. இந்த விஷயம் பின்னாடி தேவைப்படும், ஞாபகம் வெச்சுக்குங்க.

1972-ல் இதையே மாற்றி கஸெல்னு ஒரு வண்டி, 1977 வரைக்கும். அப்புறம் 1985-ல் ரோவர் பாடிக்குள்ள பழைய வேன்கார்ட் எஞ்சின் வம்சத்தை வெச்சு ஸ்டாண்டர்ட் 2000. விலையும் ஜாஸ்தி, பெட்ரோலும் ஜாஸ்தி குடித்தது. எண்பதுகளின் கடைசியில் கம்பெனி மூடியாச்சு. அந்த நிலத்தில் இன்னைக்கு ஐ.டி. பார்க்கும் அபார்ட்மெண்டும் இருக்கு. என் காலேஜ் நண்பன் ஒருத்தன் அங்கேதான் பொட்டி தட்டுகிறான். "எங்க ஃபுட் கோர்ட் இருக்கற இடத்துலதான் உன் வண்டி பொறந்திருக்கும்"னு அடிக்கடி கலாய்ப்பான்.

வண்டி என் பெரியப்பாவுடையது. மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ரிட்டயர் ஆனவர். 1974-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அடையாறு காந்தி நகரில் வீடு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு ஆறு வீட்டுக்குள் வந்தபோது போர்ட்டிகோவில் நின்ற ஹெரால்ட் டேஷ்போர்டு வரைக்கும் முழுகியது. தெருவில் இருந்த புது கார்களெல்லாம் கம்ப்யூட்டருக்குள் தண்ணி போய் இன்ஷ்யூரன்ஸில் டோட்டல் லாஸ் ஆகி, க்ரேனில் போச்சு. ஹெரால்டில் கம்ப்யூட்டரும் இல்லை, முழு இன்ஷ்யூரன்ஸும் இல்லை. தார்ப்பாய் போட்டு மூடி வைத்தார். அப்படியே ஆறு வருஷம் ஓடிப்போச்சு.

2022-ல் வீட்டை இடித்து ஃப்ளாட் கட்ட பில்டரிடம் கொடுத்தார்கள். மூணு மாசத்துக்குள் எல்லாத்தையும் காலி பண்ணணும். வண்டியைப் பார்த்துப் போன காயலான் கடைக்காரர் கிலோ கணக்கில் ஒரு தொகை சொன்னார். கலெக்டர் ஒருத்தர் (மாவட்ட ஆட்சியர் இல்லீங்க, பழைய வண்டி சேகரிப்பவர்) அதைவிட நல்ல தொகை சொன்னார். பெரியப்பா ரெண்டு பேருக்கும் பதில் சொல்லவில்லை. நான் போய், "பெரியப்பா, எனக்குக் குடுங்க, ஓட்டறேன்"னு கேட்டேன்.

"ஓட்டறேன்னா? ஞாயித்துக்கிழமை பீச்சுக்கா?"

"இல்ல, டெய்லி ஆபீஸுக்கு."

"அப்ப நீ எல்லாத்தையும் மாத்திடுவே. அது ஹெரால்டா இருக்காது."

இதுதான் சண்டை. அவருக்கு வண்டி அப்படியே அசலாக இருக்கணும். அதற்கு ஒரு சட்ட வழியும் இருந்தது. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. அம்பது வயசு தாண்டி, சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டி என்றால் விண்டேஜ் பதிவு வாங்கலாம். ஆனால் அந்தப் பதிவில் இருக்கும் வண்டியை வழக்கமான உபயோகத்துக்கு ரோட்டில் ஓட்டக்கூடாது. கண்காட்சி, ஊர்வலம், ரிப்பேர், பெட்ரோல் போடப் போவது, இவ்வளவுதான். அதாவது மியூசியத்துக்கு ஒரு நம்பர் ப்ளேட். எனக்கு அதில் இஷ்டமில்லை.

வீடு காலி பண்ணும்போது அலமாரியிலிருந்து ஒரு நோட்டு கிடைத்தது. நீளமான கணக்கு நோட்டு. வெள்ளம் வந்தபோது மேல்தட்டில் இருந்ததால் பிழைத்தது. 1974-லிருந்து 2015 நவம்பர் வரை வண்டிக்குச் செய்த ஒவ்வொரு வேலையும் தேதி, கிலோமீட்டர், செலவோடு நீல இங்க்கில். முக்கியமானதெல்லாம் சிவப்பில். நான் அதை உட்கார்ந்து எக்செல்லில் ஏற்றினேன். ரெண்டு வாரம் ஆச்சு. ஆபீஸில் சர்வர் லாக் பார்த்துப் பார்த்து வந்த வியாதி.

லாக் பார்த்தால் வண்டியின் ஜாதகமே தெரியுது. உதாரணத்துக்கு டேப்பட். 2000 வரைக்கும் அஞ்சாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தரம் டேப்பட் இடைவெளி சரிபார்த்திருக்கிறார். 2001-லிருந்து ரெண்டாயிரத்துக்கே வந்துடுது. "எக்ஸாஸ்ட் டேப்பட் மறுபடியும் டைட்"ன்னு வரிசையா எழுதியிருக்கார். காரணம் அவர் எழுதலை. ஆனா தேதியே சொல்லுது. 2000 பிப்ரவரியோடு நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்திட்டாங்க. (சென்னை மாதிரி பெருநகரங்களில் ஈயமில்லாத பெட்ரோல் 1995-லேயே வந்தாச்சு, புது கார்களுக்காக.) பழைய எஞ்சினில் அந்த ஈயம்தான் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்தில் மெல்லிசாகப் படிந்து காப்பாற்றிக்கொண்டிருந்தது. ஹெரால்டின் ஹெட் வார்ப்பிரும்பு, வால்வு சீட்டும் அதே இரும்பில் நேராகக் கடைந்தது. ஈயம் போனதும் வால்வு கொஞ்சம் கொஞ்சமாக ஹெட்டுக்குள் புதைய ஆரம்பிக்கும், இடைவெளி குறையும். ஊருக்கு ஈயமில்லாத காற்று நல்லது, அதில் சந்தேகமே இல்லை. ஹெரால்டுக்கு மட்டும் கஷ்டம். ஆக, முதல் மாடிஃபிகேஷன் முடிவாச்சு. ஹெட்டை லேத்தில் கொடுத்து, எக்ஸாஸ்ட் சீட்டைக் கடைந்தெடுத்துக் கடினமான இரும்பு வளையம் பதித்தோம்.

அடுத்தது கொதிப்பு. "1987 மே, பனகல் பார்க், கொதித்தது." "1992 மே, உஸ்மான் ரோடு, கொதித்தது." "1998 ஜூன், பாண்டி பஜார், கொதித்தது. அக்காவுக்குப் பட்டுப்புடவை." இந்த நோட்டை வெச்சு தி.நகர் டிராஃபிக்கின் வரலாற்றையே எழுதலாம். பெல்ட்டில் சுத்தும் ஃபேன், எஞ்சின் மெதுவாகச் சுத்தினால் தானும் மெதுவாகத்தான் சுத்தும். வண்டி நிற்கும்போதுதான் காத்து வேணும், அப்பதான் அது தூங்கும். இப்போ என் ரூட்டுக்கு நேர் கீழே மெட்ரோவின் மூணாவது வழித்தடம் வருது. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை, நடுவில் மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு. அதுக்கு ரோட்டை அடைச்சு வேலை நடக்கும் இந்த வருஷங்களில், ஆர்.கே. மட் ரோட்டில் இந்த வண்டி பெல்ட் ஃபேனோட பொழைக்காது. ரேடியேட்டருக்குப் புது கோர், மாருதி 800-ன் எலக்ட்ரிக் ஃபேன், சூடு பார்த்து ஆன் ஆகும் ஸ்விட்ச். இதுக்கப்புறம் ஒரு தரமும் கொதிக்கலை.

ஆனா எக்செல்லில் எனக்குக் கிடைத்த பெரிய விஷயம் வேற. "எங்கிருந்து வந்தது"ன்னு ஒரு காலம் போட்டு ஃபில்டர் பண்ணினேன். 1981-ல் அம்பாசடர் டைனமோ. 1989-ல் பத்மினி கார்புரேட்டர். 1996-ல் அந்த டைனமோவையும் கழற்றிவிட்டு மாருதி ஆல்டர்னேட்டர். ஹார்ன் அம்பாசடருடையது, வைப்பர் கை பத்மினியுடையது, சைலன்சர் ராயப்பேட்டையில் கையால் செய்தது. மொத்தம் 23 பாகங்கள் வேற வண்டியிலிருந்து வந்தவை. கஸெல் 1977-லேயே நின்னுபோச்சு, கம்பெனி அடுத்த பத்து வருஷத்தில் போச்சு. ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் எது கிடைத்ததோ அதை லேத்தில் கொடுத்துப் பொருத்தி ஓட்டினார்கள். இந்த ஊரில் ஓடிக்கொண்டே இருந்த எல்லா ஹெரால்டும் இப்படித்தான் ஓடியிருக்கும். அசலாக இருக்கும் ஹெரால்ட் வேணும்னா, சீக்கிரமே ஓடாமப் போன ஹெரால்டைத்தான் தேடணும்.

பிரிண்ட் எடுத்துப் போய்ப் பெரியப்பாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். முடித்துவிட்டு, "நான் வேற வழியில்லாம மாத்தினேன். நீ வசதிக்கு மாத்தறே. ரெண்டும் ஒண்ணா?" என்றார்.

இதுக்கு என்கிட்ட இன்னும் முழுசா பதில் இல்லை. அவர் சொல்றதுல நியாயம் இருக்கு. எலக்ட்ரிக் ஃபேன் தேவைன்னு சொல்லலாம். ஹாலஜன் ஹெட்லைட்? டேஷ்போர்டுக்கு அடியில் ஒளிச்சு வெச்சிருக்கற யூ.எஸ்.பி. சார்ஜர்? அதுக்கு எந்த நோட்டு சாட்சி? கடைசியில் ஒரு உடன்படிக்கைக்கு வந்தோம். பாடியில் எதையும் வெட்டக்கூடாது. போல்ட்டில் போட்டது போல்ட்டில் திரும்ப வரணும். கழற்றின எதையும் தூக்கிப் போடக்கூடாது, எண்ணெய் தடவிப் பேப்பரில் சுத்திப் பெட்டியில் வைக்கணும். வால்வு வளையம் மட்டும் திரும்ப வராது. அதைச் சிவப்பு இங்க்கில் எழுதி அனுமதித்தார்.

எஞ்சின் மாற்றுவது பற்றிப் பேச்சே எழலை. நண்பர்கள் எல்லாம், "ஜிப்ஸி எஞ்சின் போடு மச்சி, அஞ்சு கியரோட பறக்கும்"னாங்க. இப்ப புதுசா "பேட்டரி போட்டு ஈ.வி. ஆக்கு"ன்னு வேற ஒரு கோஷ்டி. பெரியப்பாவை விடுங்க, சட்டமே இடம் குடுக்காது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, உற்பத்தியாளர் கொடுத்த அசல் விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் வேறாகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லிடுச்சு. மீறி ஓட்டி, நாளைக்கு விபத்துன்னு வந்தா இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி முதலில் பார்க்கப் போறது எஞ்சின் நம்பரைத்தான்.

அதனால் அதே 948 சிசி எஞ்சின். வெள்ளத் தண்ணி உள்ளே போய் பிஸ்டன்கள் இறுகிப் போயிருந்தன. டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஊற்றி மூணு வாரம் ஊற வைத்து, மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி எடுத்தோம். போர் 63 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 76. நாலு சிலிண்டருக்கும் ஸ்லீவ் போட்டு, ஜி.பி. ரோட்டில் ஒரு கடையின் பரணிலிருந்து இறங்கிய ஸ்டாண்டர்ட் சைஸ் பிஸ்டன் செட்டை மாட்டினோம். அட்டைப்பெட்டி கையில் எடுத்ததும் தூளாச்சு, உள்ளே பிஸ்டன் புத்தம் புதுசு.

சேஸிஸ் வேலைதான் அதிக நாள் எடுத்தது. பெட்டி மாதிரி இருக்கும் இரும்புக்குள் அடையாற்று வண்டல் அப்படியே காய்ந்து கிடந்தது. பாடியைக் கழற்றி, கைகளை மட்டும் புதுசாகச் செய்து வெல்ட் வைத்து, எல்லாத்துக்கும் ரெட் ஆக்ஸைடு. பெயிண்டர் ஒருத்தர் ஒரு மாசம்னு சொல்லி ஏழு மாசம் எடுத்தார். அதைப் பற்றி எழுத ஆரம்பிச்சா தனிக் கட்டுரை ஆகும், வேணாம்.

பிரேக்கில் நான் சமரசமே செய்யலை. நாலும் டிரம், ஒரே லைன். ஒரு இடத்தில் ஒழுகினால் மொத்த பிரேக்கும் போச்சு. மழைத் தண்ணியில் இறங்கி ஏறினால் கொஞ்ச தூரத்துக்குப் பிடிக்கவே பிடிக்காது. நோட்டிலேயே "லஸ் கார்னர், பிரேக் இல்லை, கை பிரேக்" என்று ஒரு வரி, சிவப்பில். அந்தக் காலத்து ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரும் ஹெரால்டும் முன்பக்க சஸ்பென்ஷனில் அண்ணன் தம்பி. ஸ்பிட்ஃபயரின் முன் டிஸ்க் பிரேக் இதில் போல்ட்டில் உட்காரும், இங்கிலாந்தில் இன்னைக்கும் புதுசாக் கிடைக்குது. அதையும் ரெண்டு லைன் மாஸ்டர் சிலிண்டரையும் வரவழைத்தேன். டயர் பிரச்சினையே இல்லை, புது ஆல்ட்டோ கே10-க்கு வரும் 145/80 ஆர்13 அப்படியே பொருந்துது.

பெட்ரோலும் மாறிப்போச்சு. இப்போ பங்க்கில் வருவது இருபது சதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸெல்லாம் அதில் ஊறி உப்பி உரியும். டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எத்தனால் தாங்கும் வைட்டான் ஹோஸ் போட்டோம், மெயின் ஜெட் ஒரு சைஸ் பெரிசாக்கினோம். லிட்டருக்குப் பதினொண்ணு குடுக்குது. மனசாட்சி உறுத்துகிற நாட்களில் பஸ்ஸில் போறேன்.

மாத்தாம விட்டதையும் சொல்லணும். முன்சக்கரம் திரும்பும் இடத்தில், கீழே ட்ரன்னியன் என்று ஒரு பித்தளைத் துண்டு. நோட்டின் முதல் பக்கத்திலேயே "ட்ரன்னியன் - ஆயில். கிரீஸ் அல்ல!!" என்று ரெண்டு ஆச்சரியக்குறி. பெரியப்பா வாழ்க்கையில் ஆச்சரியக்குறி போட்டு நான் பார்த்தது அங்கே மட்டும்தான். பழகாத மெக்கானிக் யாரா இருந்தாலும் அங்கே கிரீஸ் கன்னை வைப்பார். கிரீஸ் காய்ந்து மரையில் இறங்காது, துரு பிடிக்கும், ஒருநாள் அந்தக் கால் முறிந்து சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். 90 நம்பர் கியர் ஆயில்தான் ஊத்தணும். மூணு மாசத்துக்கு ஒருதரம் நானே கீழே படுத்து ஊத்தறேன். ஏ.சி.யும் போடலை. நாற்பது குதிரைகூட இல்லாத எஞ்சினில் ஏ.சி.க்கு நாலு குதிரை குடுத்தா அடையாறு திரு.வி.க. பாலம் ஏறும்போது இறங்கித் தள்ளணும். தங்கமணிக்கு இதில் வருத்தம்தான். ஏப்ரல், மே மாசம் அவங்க ஓலாவில் வருவாங்க.

உடன்படிக்கை ஒரு இடத்தில் மட்டும் முறிஞ்சது. சீட் பெல்ட். வண்டியில் அதுக்கு இடமே கிடையாது, ஓட்டை போட்டே ஆகணும். பெல்ட் இல்லாம ஏறமாட்டேன்னு தங்கமணி தீர்மானமாச் சொல்லியாச்சு. பெரியப்பாவை ஷெட்டுக்குக் கூட்டிட்டுப் போய் எந்த இடம்னு காட்டினேன். டேப் எடுத்து அளந்தார். தூணைத் தட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "வெறும் தகரத்துல போல்ட் போட்டா இழுத்துக்கிட்டு வந்துடும்டா. உள்பக்கம் மூணு மில்லிமீட்டர் பிளேட் வெல்ட் வை. பின்னாடி சீட்டுக்கும் சேர்த்துப் போட்டுடு" என்றார்.

ஆர்.சி. புதுப்பிக்கப் போனபோது பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைவிட பானெட்டைத்தான் நாலு தரம் தூக்கிப் பார்த்தார். பழைய கார்களுக்கு 2022 ஏப்ரலில் கட்டணத்தை 600-லிருந்து 5,000 ஆக்கியிருந்தார்கள். வருஷக்கணக்கான தாமதக் கட்டணமும் சேர்ந்து ஒரு நல்ல லேப்டாப் விலை ஆச்சு.

2024 ஜூனிலிருந்து ஓடுது. மயிலாப்பூர் மாட வீதியில் எதிரே தண்ணி லாரி வந்தா, இருபத்தஞ்சு அடி இடத்தில் முழுசா வளைச்சுத் திரும்பிடலாம். இந்த ஒரு விஷயத்தில் எந்தப் புது காரும் கிட்ட வராது. ஞாயித்துக்கிழமை காலையில் பெரியப்பா ஃபோன் பண்ணி மீட்டர் எவ்வளவுன்னு கேட்பார். நான் ஷேர் பண்ணின ஷீட்டை அவர் திறப்பதே இல்லை. அதே நோட்டில் அவரே எழுதிக்கறார், இன்னும் நாப்பது பக்கம் பாக்கி இருக்காம்.

இப்போதைக்கு ஒரே தலைவலி வைப்பர். ஒரே ஸ்பீடு, அதுவும் ஹெட்லைட் போட்டா பாதியாகுது. வயரிங் புதுசு, ஆல்டர்னேட்டர் ஓகே, மோட்டாரில்தான் கோளாறு. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி முடிச்சாகணும். புதுசு போட வேணாம், இதையே ரீவைண்டிங் பண்ணிப் பாருன்னு பெரியப்பா உத்தரவு. மந்தைவெளி, ராயப்பேட்டை பக்கம் சின்ன மோட்டார் ரீவைண்டிங் நல்லாப் பண்றவங்க யாராவது தெரிஞ்சா சொல்லுங்க.